கொழுப்பு நீக்க அறுவை சிகிச்சை: 'கூடுமா?' என்ற கேள்வியோடு 'பாதுகாப்பானதா?' என்றும் கேட்போம்

வயிற்றுச் சதையைக் குறைக்கவும், இடுப்பை ஒடுக்கிக் காட்டவும், பிரசவத்திற்குப் பின் தளர்ந்த தோலை இறுக்கவும் செய்யப்படும் அறுவை சிகிச்சைகள் இன்று நம் குடும்பங்களிலும் பேச்சாகிவிட்டன. திருமணத்திற்கு நாள் குறித்த பெண்ணும், வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்த இளைஞரும் ஆலிம்களிடம் கேட்பது ஒன்றுதான்: "ஹஜ்ரத், இது கூடுமா?"

இதற்கு மார்க்கம் தரும் பதிலின் ஒரு பகுதி அறுவை அரங்கோடு தொடர்புடையது. எனவே இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

மார்க்கத்தின் நிலை

அழகாக இருப்பதை இஸ்லாம் வெறுக்கவில்லை. போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியில் மூக்கு செய்து பொருத்தியிருந்தார்கள். அது துர்நாற்றம் தந்தபோது, தங்கத்தில் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள் (அபூதாவூத், திர்மிதி). ஆண்களுக்குத் தங்கம் தடையாக இருந்தும், தேவை அங்கே சலுகையானது. அதே சமயம், அழகுக்காகவே பல்லை அராவி இடைவெளி உண்டாக்குவதை நபி (ஸல்) அவர்கள் வன்மையாகக் கண்டித்துள்ளார்கள் (புகாரி, முஸ்லிம்). குறையைச் சரிசெய்வது வேறு, படைப்பை மாற்றுவது வேறு என்ற பாகுபாட்டை உலமாக்கள் இதிலிருந்தே பெறுகிறார்கள்.

சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 2007 ஜூலையில் மலேசியாவின் புத்ரஜாயாவில் கூடி, 173ஆவது தீர்மானத்தில் இதைத் தெளிவாக்கியது. கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் சிகிச்சை மூன்று நிபந்தனைகளுடன் கூடும்: உடல் எடை நோயாக மாறியிருக்க வேண்டும், அறுவையைத் தவிர வேறு வழி இருக்கக் கூடாது, தீங்கு நேராது என்ற பாதுகாப்பு இருக்க வேண்டும்.

மூன்றாவது நிபந்தனையை ஆலிமால் மட்டும் தீர்மானிக்க முடியாது. அதை மருத்துவரிடம் கேட்டு அறிய வேண்டியது நோயாளியும் குடும்பத்தாரும்தான்.

என்ன செய்கிறார்கள்?

லைபோசக்ஷன் என்பது, மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் மருந்து கலந்த உப்புநீரைத் தோலுக்கு அடியில் செலுத்தி, மெல்லிய குழாயால் கொழுப்பை உறிஞ்சி எடுப்பது. டம்மி டக் என்பது வயிற்றின் உபரித் தோலை வெட்டி எடுத்து, தளர்ந்த தசையை இறுக்கித் தைப்பது. ஓரிடத்தில் எடுத்த கொழுப்பைப் பிட்டத்தில் செலுத்தும் முறையும் உண்டு.

இவற்றால் உடல் பருமன் நோய் தீர்ந்துவிடாது. 5 லிட்டருக்கு மேல் உறிஞ்சினாலே அது பெரிய அளவு எனக் கருதப்படுகிறது. 5 லிட்டர் கொழுப்பின் எடையோ சுமார் நாலரை கிலோதான். குடலைச் சுற்றியுள்ள உள்கொழுப்பை இந்தக் குழாய் தொடுவதில்லை. பருமனான 15 பெண்களிடம் நடத்தி 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பெருமளவு கொழுப்பை எடுத்த பிறகும் இரத்த அழுத்தத்திலோ இன்சுலின் செயல்பாட்டிலோ முன்னேற்றம் தெரியவில்லை. சர்க்கரை நோய் குறையும் என்று எண்ணி இதற்குச் செல்வது வீண்.

ஆபத்துகள்

2000இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, லைபோசக்ஷன் செய்துகொண்ட 1 லட்சம் பேரில் சுமார் 19 பேர் இறந்ததாகக் கணக்கிட்டது. அதில் முதன்மைக் காரணம், காலில் உறையும் இரத்தக்கட்டி நகர்ந்து நுரையீரலை அடைப்பது. குழாய் குடலைத் துளைப்பது, கொழுப்புத் துகள் இரத்தத்தில் கலப்பது, லிக்னோகெயின் அளவு மீறுவது, நுரையீரலில் நீர் சேர்வது, கிருமித்தொற்று ஆகியவையும் உயிரைப் பறிக்கலாம். ஒரே அமர்வில் பல அறுவைகளைச் செய்தால் ஆபத்து கூடும்.

பிட்டத்தில் கொழுப்பு செலுத்தும் முறை மிக மோசமானது. அதில் 3,000 பேருக்கு ஒருவர் வரை இறக்கலாம் என்று 2017இல் மருத்துவர்களின் ஆய்வுக் குழு மதிப்பிட்டது. 2018இல் பிரிட்டிஷ் அழகியல் அறுவை நிபுணர்களின் சங்கம், இதைச் செய்ய வேண்டாம் என்று தன் உறுப்பினர்களுக்கு அறிவுறுத்தியது.

நமக்கு அருகிலும் நடந்திருக்கிறது. 2022 மே மாதம் பெங்களூரில் 21 வயது சின்னத்திரை நடிகை ஒருவர் கொழுப்பு நீக்க சிகிச்சைக்குப் பின் உயிரிழந்தார். பெற்றோருக்குத் தெரியாமலே அவர் சென்றிருந்ததாக அப்போது செய்திகள் வந்தன.

ஒப்புக்கொள்வதற்கு முன் கேளுங்கள்

1. மருத்துவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஹெச். அல்லது டி.ஆர்.என்.பி. தகுதி பெற்றவரா? மருத்துவக் கவுன்சிலில் பதிவு உள்ளதா? மருத்துவம் அறியாமல் சிகிச்சை செய்பவர் நேரும் சேதத்திற்குப் பொறுப்பாவார் என்று ஹதீஸ் எச்சரிக்கிறது (அபூதாவூத்).

2. தகுதி பெற்ற மயக்க மருந்து மருத்துவர் அறுவை முடியும் வரை உடனிருப்பாரா?

3. தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் உள்ளதா? அழகு நிலையத்தின் மாடி அறை அறுவை அரங்கமாகாது.

4. எத்தனை லிட்டர் எடுப்பார்கள்? இரத்தம் உறைவதைத் தடுக்க என்ன செய்வார்கள்?

நீங்களும் மறைக்காமல் சொல்ல வேண்டியவை உண்டு: கருத்தடை மாத்திரை, மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரை, புகைப்பழக்கம், குடும்பத்தில் யாருக்காவது இரத்தக்கட்டி வந்திருந்தால் அதுவும். விடுப்பு முடிகிறது என்று சில நாட்களிலேயே விமானம் ஏறுவது ஆபத்து. நீண்ட நேரம் அசையாமல் அமர்வது இரத்தம் உறைய வழிவகுக்கும். மருத்துவர் அனுமதித்த பிறகே பயணம் செய்யுங்கள்.

அறுவைக்குப் பின் மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, ஒரு காலில் மட்டும் வீக்கம், கடும் வயிற்று வலி, காய்ச்சல், மயக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

தேவையா, ஆசையா?

பெருமளவு எடை குறைந்த பின் தொங்கும் தோலில் புண் வருவதும், பிரசவத்திற்குப் பின் வயிற்றுத் தசை பிரிந்து குடலிறக்கம் ஏற்படுவதும் மருத்துவத் தேவைகள். அங்கே சிறிய ஆபத்தை ஏற்க நியாயம் உண்டு. அவ்ரத்தை மருத்துவரிடம் வெளிப்படுத்தவும் அந்தத் தேவையே அனுமதி தருகிறது. மாப்பிள்ளை வீட்டார் சொன்ன ஒரு வார்த்தைக்காகவோ, கைப்பேசியில் பார்த்த ஓர் உருவத்திற்காகவோ என்றால் அந்த நியாயம் இல்லை. நம்மை நாமே அழிவில் தள்ளிக்கொள்ளக் கூடாது என்ற இறைக்கட்டளை (அல்குர்ஆன் 2:195) அங்கே முன்னால் நிற்கிறது.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளையின் உடம்பைக் கேலி செய்யாதீர்கள். சொன்னால் திட்டுவார்கள் என்ற பயம்தான் பலரைத் தனியாக மருத்துவமனைக்கு அனுப்புகிறது. உடம்பு நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைப் பேணும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.