முன்கட்டுக்குப் போன மணியார்டர்

"சார், நீங்க ஹிஸ்டரி ஸ்டூடண்ட். மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை கொடுங்க" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். சோழர்களைப் பற்றி எழுத என்னைவிடத் தகுந்தவர்கள் நம் கல்லூரியில் உண்டு. ஆகவே நான் குடியிருந்த ஒரு வாடகை வீட்டின் வரலாற்றை எழுதுகிறேன். இதற்கு நானே சாட்சி.

1977-ல் பி.ஏ. முடித்த கையோடு சென்னையில் குமாஸ்தா வேலை கிடைத்தது. மேற்கு மாம்பலத்தில் வீடு தேடினேன். 1920-களில் பழைய ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை அமைத்தபோது, அந்த அகலத் தெருக்களும் பூங்காவும் ரயில் பாதைக்குக் கிழக்கேயே நின்றுவிட்டன. ஆனால் 1931-ல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும், பாரிமுனை ஆபீசுகளுக்குப் போகிறவர்களுக்கு மேற்குப் பக்கம் வாகான இடமாகிவிட்டது. கொசுவுக்குப் பேர்போன பேட்டைதான். வாடகை மட்டும் கைக்கு அடங்கும்.

"கல்யாணம் ஆயிடுத்தா?" இதுதான் எல்லா வீட்டிலும் முதல் கேள்வி. ஆகவில்லை என்றால் கதவு சாத்திவிடும். ஊரிலிருந்து அம்மாவை அழைத்து வருகிறேன் என்று சொன்ன பிறகுதான் ஒரு வீட்டில் நடுக்கட்டு கிடைத்தது. வாடகை 90 ரூபாய். முன்கட்டில் வீட்டுக்காரர், ரிடையர் ஆனவர். பின்கட்டில் இருபது வருஷத்துக்கு மேலாக ஒரே குடித்தனம். அவர்கள் வாடகை 35 ரூபாய்.

குடிபோன முதல் மாதமே ஓர் அதிசயம். தபால்காரர் வந்து முன்கட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மணியார்டர் பட்டுவாடா செய்தார். அனுப்பியவர் யார் என்று பார்த்தால் பின்கட்டுக்காரர்! நடந்தால் நாற்பது அடி. பணம் போஸ்ட் ஆபீசைச் சுற்றிக்கொண்டு வந்தது.

"முப்பத்தஞ்சு ரூபாயிலயும் கமிஷனைப் பிடிச்சுண்டு அனுப்பறான் பாரு தம்பி!" என்று வீட்டுக்காரர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

பின்கட்டுக்காரரைக் கேட்டேன். "60 ரூபா குடுன்னார். முடியாதுன்னேன். அப்போ வாடகையே வேண்டாம்னுட்டார். நான் குடுக்காம விட்டா, பாக்கி வச்சவன்னு கோர்ட்டுக்குப் போவார். எனக்கு வேற வழி?" என்றார்.

அவர் செய்தது சட்டப்படி சரி. இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஆணைகளாகப் பிறந்த வாடகைக் கட்டுப்பாடு, 1946, 1949 சட்டங்களாகி, பிறகு 1960-ஆம் ஆண்டுச் சட்டமாக நிலைத்தது. வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால், எந்த பாங்கில் கட்டுவது என்று எழுதிக் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் கமிஷனைக் கழித்துக்கொண்டு மணியார்டர் அனுப்ப வேண்டும். அதையும் வாங்காவிட்டால் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் கட்ட வேண்டும். ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்பதும் அதே சட்டம்தான்.

வீட்டுக்காரர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. மழைக்கு ஒழுகும் மெத்தையை 35 ரூபாயில் எப்படிச் செப்பனிடுவது? ஆனாலும் மாமி கொலுச் சுண்டலைப் பின்கட்டுக்கு அனுப்பத் தவறியதே இல்லை. ஆண்கள் தபாலில் பேசிக்கொண்டார்கள். பெண்கள் கிணற்றடியில் பேசிக்கொண்டார்கள்.

இந்த மாதிரி வழக்குகளைப் பார்த்து மற்ற வீட்டுக்காரர்களும் பாடம் படித்தார்கள். பழைய குடித்தனம் காலி செய்தால் வீட்டைப் பூட்டியே வைத்தார்கள். மாதம் 400 ரூபாய்க்கு மேற்பட்ட வாடகை வீடுகளுக்குச் சட்டம் பொருந்தாது என்றிருந்த பிரிவை 1986-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தீர்ப்பளித்ததும் அவர்கள் பயம் இன்னும் கூடியது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்பதால் 11 மாத அக்ரிமெண்ட் வழக்கமாயிற்று. சட்டத்தில் ஒரு மாதம் என்றிருந்த அட்வான்ஸ், நடைமுறையில் பத்து மாதமாயிற்று. உள்ளே இருந்தவரைச் சட்டம் காப்பாற்றியது. புதிதாக வந்தவர் வாசலிலேயே நின்றார்.

1990-களில் வீட்டுக்காரர் காலமானதும் பிள்ளைகள் வீட்டை விற்றுவிட்டார்கள். இடித்து ஃபிளாட் கட்டினார்கள். பின்கட்டுக்காரர் ஒரு தொகை வாங்கிக்கொண்டு காலி செய்தார். போகும்போது மணியார்டர் ரசீதுக் கட்டை என் கையில் கொடுத்து, "தம்பி, நீ ஹிஸ்டரி படிச்சவன்தானே? வச்சுக்கோ" என்றார்.

சென்ற ஆண்டு என் தம்பி மகனுக்காக அதே தெருவில் வீடு பார்த்தேன். புரோக்கரின் முதல் கேள்வி: "பேச்சிலரா சார்?" அட்வான்ஸ் ஆறு மாதம். 1960 சட்டம் இப்போது இல்லை. 2017-ல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாதம்தான், 'வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால்'. அந்தக் கடைசி வார்த்தைகள் வழியாகத்தான் ஆறு மாதம் உள்ளே நுழைகிறது.

படிப்பு முடித்து நகரத்துக்கு வரப்போகும் மாணவத் தம்பி தங்கைகளே! கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். கொடுத்த பணத்துக்கு ரசீது கேட்க வெட்கப்படாதீர்கள். நாளை நீங்களே வீட்டுக்காரர் ஆகும்போது, ரசீது கேட்பவரை எதிரியாகப் பார்க்காதீர்கள்.

அந்த ரசீதுக் கட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. சந்திப்பு நாளன்று கொண்டு வருகிறேன். ஆவணம் என்றால் என்னவென்று பார்க்க விரும்புகிறவர்கள் வந்து பாருங்கள்.