வாழை மரபுவளப் பாதுகாப்பு

உண்ணும் வாழைகளில் விதை இல்லை. ஆகவே நெல்லைப்போல் உலர்த்திக் குளிரறையில் வைக்க முடியாது; ரகத்தை உயிருள்ள செடியாகவே காக்க வேண்டும். திருச்சியில் 1993-இல் தொடங்கப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 300-க்கும் மேற்பட்ட வாழை வகைகளை வயல் மரபணு வங்கியில் கன்று மாற்றிக் கன்று நட்டுப் பேணுகிறது. ஒரே ரகம் ஊருக்கொரு பெயரில் வழங்குவதால் இரட்டைப் பதிவுகளைக் களைவதும் இங்கே பெரும் வேலை.

வயல் சேகரிப்புக்குப் புயலும் நோயும் எதிரிகள். அசுவினி பரப்பும் முடிக்கொத்து நோய், கீழ்ப்பழனி மலையின் விருப்பாச்சி வாழைத் தோட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. பின்னர் நச்சுயிரி நீக்கிய திசு வளர்ப்புக் கன்றுகளால் அதை மீட்க முயன்றார்கள். விருப்பாச்சிக்கு 2008-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு பெயரைத்தான் காக்கும், செடியை அல்ல.

காப்புப் படியாகக் குருத்து நுனிகளைக் கண்ணாடிக் குழாயில் வளர்ப்பதுண்டு. பெல்ஜியத்தின் லூவன் நகரில் 1985 முதல் இயங்கும் பன்னாட்டுச் சேகரிப்பு, 1,500-க்கும் மேற்பட்ட வகைகளை 16 டிகிரி செல்சியஸில் மெதுவாக வளரவிடுகிறது. பலவற்றைத் திரவ நைட்ரஜனில் −196 டிகிரியில் உறையவைத்தும் வைத்திருக்கிறது. குழாயில் நெடுநாள் இருந்தால் செடி திரியக்கூடும் என்பதால் அவ்வப்போது வயலில் நட்டுச் சரிபார்க்கிறார்கள்.

பனாமா வாடல் நோய் சென்ற நூற்றாண்டில் குரோ மிஷல் என்ற ஏற்றுமதி ரகத்தை வீழ்த்தியது. அதன் இடத்துக்கு வந்த கேவண்டிஷையும் தாக்கும் புதிய வகைப் பூஞ்சை இப்போது பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் உள்ளது. எதிர்ப்புத்திறனைத் தேடும் ஆய்வாளர்கள் சந்தையில் விலைபோகாத காட்டு வாழைகளையும் சேர்த்தே சோதிக்கிறார்கள்.