யார் ஜெயிப்பாங்க? கூண்டுச் சண்டையும் முன்கணிப்பின் கதையும்

புரூஸ் லீக்கும் முகமது அலிக்கும் சண்டை வந்தால் யார் ஜெயிப்பாங்க? பள்ளிக்கூட நாட்களில் இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் குறைவு. பெயர்கள் மாறும், கேள்வி மாறாது. கராத்தேக்காரன் பெரியவனா, பயில்வான் பெரியவனா? வாதம் சாயங்காலம் வரை ஓடும், முடிவு மட்டும் வராது. வர வழியும் இல்லை. குத்துச்சண்டைக்காரர் குத்துச்சண்டைக்காரரோடு மட்டும்தான் மோதுவார், மல்யுத்த வீரர் மல்யுத்த வீரரோடு. ஒவ்வொரு கலைக்கும் தனி வேலி இருந்தது.

அந்த வேலியை எடுத்துவிட்டு, காசு வாங்கிக்கொண்டு, விடையைத் தொலைக்காட்சியில் காட்டுகிறோம் என்று சிலர் கிளம்பினார்கள். 1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த முதல் யு.எஃப்.சி. போட்டி அதுதான். எண்கோண வடிவில் ஒரு கம்பிவலைக் கூண்டு, அதற்குள் மோத எட்டு பேர். சுமோ, குத்துச்சண்டை, டேக்வாண்டோ, சவாத், ஜியு-ஜிட்சு என்று வெவ்வேறு பள்ளிகளிலிருந்து வந்தவர்கள். எடைப் பிரிவு இல்லை, புள்ளி போட நீதிபதிகள் இல்லை. ஒரே இரவில் மூன்று பேரை வீழ்த்துபவருக்கு 50,000 டாலர். இன்று எம்.எம்.ஏ. என்று அழைக்கப்படும் கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகள் அமெரிக்காவில் பரவியது இங்கிருந்துதான்.

இந்த விளையாட்டு பிறந்ததே ஒரு முன்கணிப்புக் கேள்வியிலிருந்து என்பதைக் கவனிக்க வேண்டும். கிரிக்கெட்டில் ஆட்டம் முதலில் வந்தது, யார் ஜெயிப்பார் என்ற பேச்சு பிறகு வந்தது. இங்கே பேச்சுதான் முதலில். அதனால் எம்.எம்.ஏ. ரசிகர்கள் அடுத்த சண்டையை எப்படிக் கணித்தார்கள் என்பதன் வரலாற்றைச் சொன்னால், அந்த விளையாட்டின் வரலாற்றிலும் பெரும்பகுதியைச் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

டென்வரில் முதல் சண்டை 26 வினாடிகளில் முடிந்தது. 180 கிலோவுக்கு மேல் எடை கொண்ட சுமோ வீரர் டெய்லா துலி தடுமாறிக் கீழே விழ, நெதர்லாந்தின் கெரார்ட் கோர்டோ அவர் முகத்தில் உதைத்தார். பல் ஒன்று பறந்தது. ‘எடைதான் எல்லாம்’ என்ற முதல் கணிப்பும் கூடவே போயிற்று. குத்துச்சண்டை வீரர் ஆர்ட் ஜிம்மர்சன் ஒரு கையில் மட்டும் கையுறை போட்டுக்கொண்டு வந்தார். எதிரே நின்றவர் ஏறக்குறைய 80 கிலோ எடையில், வெள்ளை உடையில் இருந்த ராய்ஸ் கிரேசி. பார்த்தால் சண்டைக்காரர் மாதிரியே தெரியாது. அவர் ஜிம்மர்சனைத் தரையில் சாய்த்து மேலே உட்கார்ந்தார். கீழே கிடந்து என்ன செய்வதென்று தெரியாத ஜிம்மர்சன் தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். கிரேசி அன்றிரவு மூன்று பேரையும் வென்றார்.

பார்த்தவர்களுக்கு அது மாயம். கிரேசி குடும்பத்துக்கு அது பழகிய விஷயம். பிரேசிலில் பல பத்தாண்டுகளாக அவர்கள் பிற கலைஞர்களைச் சவாலுக்கு அழைத்துத் தரையில் மடக்கி வந்தார்கள். டென்வர் போட்டியை ஏற்பாடு செய்தவர்களில் ஒருவரான ரோரியன் கிரேசி, ராய்ஸின் அண்ணன்தான். ரசிகர்கள் அசடுகள் அல்ல. தரைச்சண்டை என்ற ஒன்றை அவர்கள் பார்த்ததில்லை, அவ்வளவுதான். பார்க்காத ஒன்றை இல்லாத ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள். இந்த வரலாறு முழுக்க இதே விஷயம் வேறு வேறு உடுப்பில் திரும்பத் திரும்ப வரும்.

அடுத்த சில வருடங்கள் கலையை வைத்துத்தான் கணிப்பு. முதலில் ‘ஜியு-ஜிட்சு தெரிந்தவன் ஜெயிப்பான்’ என்றார்கள். பிறகு அமெரிக்கக் கல்லூரிகளிலிருந்து பெரிய மல்யுத்த வீரர்கள் வந்து இறங்கினார்கள். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட மார்க் கோல்மன், எதிராளியைக் கீழே தள்ளி, மேலே இருந்தபடி குத்தியே 1996இல் இரண்டு யு.எஃப்.சி. தொடர்களை வென்றார். 1997 பிப்ரவரியில் முதல் ஹெவிவெயிட் சாம்பியனும் ஆனார். இப்போது விடை ‘மல்யுத்தக்காரன்’. அதே வருடம் ஜூலையில் அவரை எதிர்க்க வந்தவர் மோரிஸ் ஸ்மித் என்ற கிக்பாக்ஸர். கணக்கு ரொம்ப எளிது: கோல்மன் தள்ளுவார், ஸ்மித் விழுவார், கதை முடிந்தது.

கோல்மன் தள்ளினார், ஸ்மித்தும் விழுந்தார். ஆனால் கதை முடியவில்லை. கீழே கிடக்கும்போது எப்படிப் பிழைப்பது என்பதை ஸ்மித் கற்றுக்கொண்டு வந்திருந்தார். நிமிடங்கள் ஓட ஓட கோல்மனுக்கு மூச்சு வாங்கியது. கூடுதல் நேரத்தையும் சேர்த்து 21 நிமிடங்கள் நடந்த சண்டையில் தீர்ப்பு ஸ்மித்துக்குப் போனது. ‘எந்தக் கலை பெரிது’ என்ற கேள்வி அன்றோடு செத்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் படுத்துவிட்டது. எல்லோரும் எல்லாவற்றையும் கற்கத் தொடங்கினார்கள். எடைப் பிரிவு, கட்டாயக் கையுறை, ஐந்து நிமிடச் சுற்றுகள் என்று விதிகளும் ஒவ்வொன்றாக வந்தன. இனிமேல் கலையைக் கணிக்க முடியாது, ஆளைத்தான் கணிக்க வேண்டும்.

ஆளைக் கணிக்க ரசிகர்கள் கண்டுபிடித்த முதல் கருவிக்கு அவர்களே கிண்டலாக வைத்த பெயர் ‘எம்.எம்.ஏ. கணக்கு’. அ என்பவர் ஆவை வென்றார், ஆ என்பவர் இயை வென்றார், ஆகவே அ இயை வெல்வார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. வெல்டர்வெயிட் பிரிவின் மூன்று பெயர்களை எடுத்துக்கொள்வோம். கனடாவின் ஜார்ஜ் செயின்ட் பியேர் 2006 நவம்பரில் மேட் ஹியூஸை வென்று சாம்பியன் ஆனார். 2007 ஏப்ரலில் ஹூஸ்டனில் அவரை எதிர்த்தவர் மேட் செர்ரா. தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் ஜெயித்து, அதன் பரிசாக அந்த வாய்ப்பைப் பெற்றவர். செர்ரா ஜெயிப்பார் என்று சொல்ல அநேகமாக ஆளே இல்லை. முதல் சுற்று முடியுமுன்பே அவர் செயின்ட் பியேரை அடித்து வீழ்த்தினார். 2009 மே மாதம் அதே செர்ராவை ஹியூஸ் வென்றார்.

ஆக, செயின்ட் பியேர் ஹியூஸை வென்றார், ஹியூஸ் செர்ராவை வென்றார், செர்ரா செயின்ட் பியேரை வென்றார். சின்னப் பிள்ளைகள் விளையாடும் கல், காகிதம், கத்தரி போல ஒரு வட்டம். இதில் யார் பெரியவர்?

சதுரங்கத்துக்கு இதற்கு ஒரு விடை உண்டு. ஹங்கேரியில் பிறந்த அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் அர்பாத் எலோ உருவாக்கிய தரப்புள்ளி முறையை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இல் ஏற்றுக்கொண்டது. ஒவ்வொருவருக்கும் ஓர் எண். இருவருக்கும் 200 புள்ளி வித்தியாசம் இருந்தால், மேலே இருப்பவர் 100 ஆட்டத்தில் சுமார் 76 புள்ளிகள் எடுப்பார் என்று எதிர்பார்க்கலாம். எம்.எம்.ஏ. வீரர்களுக்கும் இதைப் பொருத்திப் பார்க்கும் ரசிகர்கள் உண்டு. என் போன்ற கணினிக்காரர்களுக்கு இது சர்க்கரைப் பொங்கல், ஒரு வார இறுதியில் எழுதிவிடக்கூடிய நிரல்.

ஆனால் இரண்டு சிக்கல்கள். ஓர் ஆளின் திறமையை ஒரே எண்ணாக்கினால் மேலே சொன்ன வட்டத்துக்கு அதில் இடமே இல்லை, எண்கள் வரிசையாகத்தான் நிற்கும். இரண்டாவது, தரவு போதாது. சதுரங்க வீரர் வருடத்துக்குப் பல பத்து ஆட்டங்கள் ஆடுவார். முன்னணி எம்.எம்.ஏ. வீரர் வருடத்துக்கு இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று முறை கூண்டுக்குள் போவார். அதிலும் ஜெயித்தார், தோற்றார் என்பதை மட்டும்தான் எண் பார்க்கிறது. எவ்வளவு நேரம், எந்த இடத்தில், என்னென்ன சோதிக்கப்பட்டது என்பதைப் பார்ப்பதில்லை.

இந்தக் கடைசிக் குறைக்கு ரோண்டா ரௌசியின் கதையை விடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது. 2008 ஒலிம்பிக்கில் ஜூடோவில் வெண்கலம் வென்றவர், யு.எஃப்.சி.யின் முதல் பெண் சாம்பியன். 2015 நவம்பரில் மெல்போர்ன் போனபோது 12 சண்டைகள், 12 வெற்றிகள். அதற்கு முந்தைய மூன்று சண்டைகளும் முறையே 16, 14, 34 வினாடிகளில் முடிந்திருந்தன. எதிரே முன்னாள் குத்துச்சண்டை சாம்பியன் ஹாலி ஹோம். யு.எஃப்.சி.யில் அவருடைய இரண்டு வெற்றிகளும் நீதிபதிகள் தீர்ப்பில் வந்தவை, பெரிய பேச்சில்லை. ‘எத்தனை வினாடி?’ என்பதுதான் ரசிகர்களிடையே கேள்வியாக இருந்தது.

அந்த மூன்று எண்களையும் கூட்டிப் பாருங்கள். 64 வினாடிகள். ஏறக்குறைய இரண்டு வருடத்தில் உலகம் ரௌசியைக் கூண்டுக்குள் பார்த்த மொத்த நேரம் அவ்வளவுதான். எட்டவே நிற்கும் குத்துச்சண்டைக்காரியை அவரால் பிடிக்க முடியாவிட்டால் என்ன ஆகும்? மூன்றாவது நிமிடத்தில் மூச்சு எப்படி இருக்கும்? ஒரு தகவலும் இல்லை. அந்த வெறுமையை ரசிகர்கள் பலம் என்று படித்தார்கள். மென்பொருள் எழுதுபவர்களுக்கு இது தெரிந்த ஆபத்து: நூறு சோதனைகளும் பச்சை விளக்கு காட்டும், ஆனால் அந்த நூறும் நிரலின் ஒரே மூலையைத்தான் தொட்டிருக்கும். மெல்போர்னில் 56,214 பேர் முன்னால் மற்ற மூலைகள் சோதிக்கப்பட்டன. ஹோம் விலகி விலகிக் குத்தினார். இரண்டாம் சுற்றின் 59ஆவது வினாடியில் அவருடைய இடது கால் ரௌசியின் கழுத்தில் இறங்கியது.

யானைக்கும் அடி சறுக்கும் என்று நாம் முடித்துவிடுவோம். ரசிகர்கள் முடிக்கும் விதம் வேறு. “எனக்கு அப்பவே தெரியும், ரௌசிக்குக் குத்துச்சண்டை வராதுன்னு.” சண்டைக்கு முன் பத்துப் பேர்கூடச் சொல்லாததை, பின்னால் ஆயிரம் பேர் சொல்வார்கள். பொய் சொல்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் அவர்கள் அதை நம்புகிறார்கள்.

1972இல் அமெரிக்க அதிபர் நிக்ஸன் சீனாவுக்கும் சோவியத் யூனியனுக்கும் போனார். அந்தப் பயணங்களில் என்னென்ன நடக்கும் என்று மாணவர்களிடம் முன்கூட்டியே சதவீதம் கேட்டு வாங்கிக்கொண்டார்கள் ரூத் பெய்த், பரூக் ஃபிஷாஃப் என்ற இரு உளவியலாளர்கள். பிறகு, ‘முன்பு என்ன சதவீதம் சொன்னீர்கள், ஞாபகம் இருக்கிறதா?’ என்று கேட்டார்கள். நடந்த விஷயங்களுக்குத் தாங்கள் உண்மையில் கொடுத்ததைவிட அதிக சதவீதம் கொடுத்ததாகவே பொதுவாக மாணவர்கள் நினைவுகூர்ந்தார்கள். 1975இல் வெளியான ஆய்வு இது. முடிவு தெரிந்த பிறகு மனம் பழைய கணிப்பைத் திருத்தி எழுதிவிடுகிறது, திருத்திய தடம்கூட வைப்பதில்லை.

இதற்கு மருந்து வானிலைக்காரர்களிடம் இருக்கிறது. 1950இல் அமெரிக்க வானிலைத் துறையின் கிளென் பிரையர் ஒரு மதிப்பெண் முறையைச் சொன்னார். ‘மழை வரும்’ என்றால் போதாது, எத்தனை சதவீதம் என்று சொல்ல வேண்டும். இன்று வழங்கும் எளிய வடிவில் அதைச் சண்டைக்குப் பொருத்தினால் கணக்கு இப்படி: 80 சதவீதம் என்று சொன்ன ஆள் ஜெயித்தால் பிழை 0.2, அதன் வர்க்கம் 0.04. தோற்றால் பிழை 0.8, வர்க்கம் 0.64. குறைந்த எண்தான் நல்லது. எல்லாச் சண்டைக்கும் ‘பாதிக்குப் பாதி’ என்று மழுப்புபவருக்கு எப்போதும் 0.25. கூச்சல் போட்டு 95 சதவீதம் என்று அடித்துச் சொல்பவர் ஒருமுறை சறுக்கினால் 0.9025, பல சரியான கணிப்புகளின் லாபம் ஒரே நாளில் கரைந்துவிடும்.

இந்த முறை இன்னொன்றும் கற்றுத் தருகிறது. 90 சதவீதம் என்று பத்துச் சண்டைகளுக்குச் சொன்னால், நீண்டகாலக் கணக்கில் ஒன்று கவிழத்தான் வேண்டும். எதுவுமே கவிழாவிட்டால் சதவீதத்தைக் குறைத்துச் சொல்லியிருக்கிறோம் என்று பொருள். செர்ரா ஜெயித்ததால் மட்டும் செயின்ட் பியேரைத் தேர்ந்தெடுத்தவர்கள் மடையர்கள் ஆகிவிட மாட்டார்கள். ஒரு வருடம் கழித்து மான்ட்ரியாலில் நடந்த மறுபோட்டியில் செயின்ட் பியேர் இரண்டாம் சுற்றிலேயே ஜெயித்தார். ஒரு முடிவை வைத்து ஒரு கணிப்பை எடைபோட முடியாது, நூறு கணிப்புகளை எழுதி வைத்தால்தான் முடியும்.

இதெல்லாம் நண்பர்களுக்குள் நடக்கும்வரை விளையாட்டு. 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கு எதிரான கூட்டரசுச் சட்டத்தைச் செல்லாது என்றது. மாநிலம் மாநிலமாகப் பந்தயம் சட்டபூர்வமானது. ‘யார் ஜெயிப்பாங்க’ என்ற பேச்சு கைபேசியில் ஒரு பொத்தானாக மாறியது. வெற்றி மட்டுமா? எந்தச் சுற்றில், எந்த விதத்தில் என்பதற்கெல்லாம் விலை.

2022 நவம்பர் 5 அன்று லாஸ் வேகஸில் ஒரு சாதாரணச் சண்டை. தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்பு, ஒரு குறிப்பிட்ட வீரர் முதல் சுற்றிலேயே நாக்-அவுட்டில் ஜெயிப்பார் என்று பணம் வந்து குவிந்தது. சண்டை 67 வினாடிகளில், அந்த விதமாகவே முடிந்தது. தோற்றவர் ஓர் உதை விட்டதுமே காலில் வலியைக் காட்டினார். காயத்தோடு வந்ததை மறைத்ததற்காக நெவாடா ஆணையம் பின்னர் அவரைத் தடை செய்தது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் யு.எஃப்.சி. சண்டைகள் மீதான பந்தயத்தையே சில வாரங்கள் நிறுத்தி வைத்தது.

டென்வரில் ரசிகர்கள் பார்க்காதது தரைச்சண்டை, மெல்போர்னில் பார்க்காதது மூன்றாவது நிமிடம். அவை யாரும் ஒளித்து வைத்தவை அல்ல. லாஸ் வேகஸில் பார்க்காதது ஒரு காயம். யாரிடமிருந்து எப்படிக் கசிந்ததோ, பணத்தின் போக்கைப் பார்த்தால் சிலருக்கு ஏதோ முன்பே தெரிந்திருந்தது என்றே எவருக்கும் தோன்றும். எத்தனை பழைய சண்டைகளைப் பார்த்தாலும், எவ்வளவு அழகாக நிரல் எழுதினாலும், வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் ரசிகருக்கு அந்த வாசல் திறக்காது. பந்தயம் கட்டும்போது எதிர்ப்பக்கம் இருப்பவருக்கு நம்மைவிட அதிகம் தெரிந்திருக்கலாம் என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. வாடகைப் பணத்தை வைக்கும் பையனுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

அதே வருடம் ஆகஸ்டில், சால்ட் லேக் சிட்டியில் காமரு உஸ்மானும் லியோன் எட்வர்ட்ஸும் மோதினார்கள். இரண்டு, மூன்று, நான்காம் சுற்றுகள் உஸ்மானுக்கு. ஐந்தாவதும் அவர் பக்கமே சாய்ந்திருந்தது. எட்வர்ட்ஸ் மனதளவில் தோற்றுவிட்டார் என்று வர்ணனையாளர்களே பேசிக்கொண்டிருந்தார்கள். இன்னும் 56 வினாடிகள் இருக்கும்போது அவர் இடது காலை உயர்த்தினார். உஸ்மான் சாய்ந்தார், பட்டம் கை மாறியது. அந்தக் கணத்துக்கு ஒரு நிமிடம் முன்பு எட்வர்ட்ஸுக்கு எத்தனை சதவீதம் கொடுத்திருக்கலாம்? இரண்டா, மூன்றா? எதைச் சொன்னாலும் அது நியாயமான கணிப்பாகத்தான் இருந்திருக்கும். பூஜ்யம் என்று சொன்னவர்கள் மட்டும்தான் தவறு.

அடுத்த சண்டைக்கு முன் ஒரு துண்டுத்தாளில் பெயரையும் சதவீதத்தையும் எழுதி, தேதி போட்டு மடித்து வையுங்கள். காசு வேண்டாம். கூடவே ஒரு வரி: இந்த இருவரிடமும் நான் இதுவரை பார்க்காதது என்ன? சண்டை முடிந்ததும் பிரித்துப் படித்தால், ஜெயித்தவரைப் பற்றித் தெரிகிறதோ இல்லையோ, நாம் எப்படிப் பார்க்கிறோம் என்பது தெரியும்.