வாசலுக்கு ஒரு மின்நிலையம்

2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதே ஆண்டில் நைஜீரியாவின் தேசிய மின்கட்டமைப்பு நல்ல நாளில் கொடுத்தது சுமார் 5,000 மெகாவாட். அங்கே மக்கள்தொகை 20 கோடிக்கு மேல், அதாவது தமிழ்நாட்டைப் போல இரண்டரை மடங்கு. கணக்குப்படி பார்த்தால் அந்த நாடு சூரியன் மறைந்ததும் உறங்கப் போயிருக்க வேண்டும். ஆனால் லாகோஸ் நகரத்தில் நள்ளிரவிலும் படப்பிடிப்பு நடக்கிறது, முடி திருத்தகம் திறந்திருக்கிறது, தையல் மிஷின் ஓடுகிறது, கால்பந்து ஆட்டம் பார்க்கத் தெருவே கூடுகிறது. அரசு தராத மின்சாரத்தை அங்கே வீட்டுக்கு வீடு வாசலில் வைத்துத் தயாரிக்கிறார்கள். 2019இல் வெளியான ஓர் ஆய்வு, நைஜீரியாவில் சிறு பெட்ரோல் ஜெனரேட்டர்கள் 2 கோடியே 20 லட்சம் இருப்பதாக மதிப்பிட்டது. அவற்றின் மொத்தத் திறன், மின்கட்டமைப்பு தருவதைப்போல் எட்டு மடங்கு.

தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே செய்துகொள்வது நைஜீரியாவில் சாமானியர்கள் தொடங்கிய வழக்கமல்ல. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலேய அரசு லாகோஸில் மின்சாரத்தைக் கொண்டுவந்தபோது அது ஆங்கிலேய அதிகாரிகளும் வணிகர்களும் இருந்த மரினா கடற்கரைப் பகுதியைத்தான் முதலில் எட்டியது. நாட்டின் நடுவிலுள்ள ஜோஸ் பீடபூமியில் வெள்ளீயச் சுரங்கங்களுக்காக 1929இல் ஒரு தனியார் நிறுவனம் குர்ரா அருவியில் நீர்மின் நிலையம் கட்டியது. பக்கத்து ஊர்கள் எண்ணெய் விளக்கில் இருந்தன, சுரங்கம் வெளிச்சத்தில் இருந்தது. மின்சாரம் என்பது யாருக்குத் தேவையோ அவர் தன் செலவில் செய்துகொள்ளும் பொருள் என்ற பாடத்தை முதலில் நடத்திக்காட்டியவர்கள் ஆட்சியாளர்களும் முதலாளிகளும்தான்.

1960இல் நாடு விடுதலை பெற்றது. அந்தப் பாடத்தை மறக்கடிக்கும் அளவுக்குப் பெரிய கனவு ஒன்று நைஜர் ஆற்றின் குறுக்கே எழுந்தது. 1969இல் திறக்கப்பட்ட கெய்ஞ்சி அணை நாடு முழுக்க ஒரே கம்பியில் இணையும் என்ற நம்பிக்கையைத் தந்தது. 1972இல் அணை ஆணையத்தையும் பழைய மின் கழகத்தையும் ஒன்றாக்கி தேசிய மின்சக்தி ஆணையம் உருவானது. மக்கள் வாயில் அது 'நேப்பா'. அடுத்த ஆண்டே உலகச் சந்தையில் எண்ணெய் விலை பல மடங்கு ஏற, எண்ணெய் விற்கும் நைஜீரியாவில் பணம் புரண்டது. உடோஜி குழுவின் பரிந்துரைப்படி அரசு ஊழியர்களுக்குச் சம்பள உயர்வு நிலுவையோடு மொத்தமாகக் கைக்கு வந்தது. டிவி, ஃபிரிட்ஜ், ஸ்டீரியோ என்று வீடுகள் நிரம்பின.

அணை ஒன்று, ஆணையம் ஒன்று. ஆனால் அவற்றை நம்பி வாங்கிய பெட்டிகளோ லட்சக்கணக்கில். கரண்ட் போவதும் வருவதும் வாழ்க்கையின் ஒலிகளில் ஒன்றானது. வந்துவிட்டால் சிறுவர்கள் தெருவில் இறங்கி 'அப் நேப்பா!' என்று கத்துவார்கள். ஆங்கிலத்தில் அந்த ஆணையத்தின் நான்கு எழுத்துகளுக்கு 'எப்போதும் கரண்டை எதிர்பார்க்காதே' என்று பொருள் வரும்படி வேறு விரிவும் கண்டுபிடித்தார்கள். அலுவலகத்தின் பெயரையே கேலியாக்கும் இந்தப் பழக்கம் நமக்கும் புதிதல்ல.

வீட்டில் தூக்கி வைத்து இயக்கும் அளவுக்கு ஜெனரேட்டர் சிறுத்ததன் கதை ஜப்பானில் நடந்தது. சோனி நிறுவனம் கையில் எடுத்துப்போகும் சின்ன டிவியை விற்றது. வெளியிடங்களில் அதற்கு மின்சாரம் வேண்டியிருந்தது. சோனியை நிறுவியவர்களில் ஒருவரான இபுகாவும் ஹோண்டா நிறுவனர் சொய்ச்சிரோ ஹோண்டாவும் நண்பர்கள். 1964இல் ஹோண்டா ஒரு குட்டி ஜெனரேட்டரைச் செய்து பார்த்தது. அடுத்த ஆண்டு இ-300 என்ற மாடல் கடைக்கு வந்தது. 300 வாட் அளவு சக்தி, கைப்பிடி வைத்த உருவம், ஒரு ஆள் தூக்கிப்போகலாம். மோட்டார் சைக்கிள் செய்து பழகிய கைகள் செய்த இயந்திரம் என்பது பார்த்தாலே தெரியும். முகாமிடுபவர்களும் மீனவர்களும் திருவிழாக் கடைக்காரர்களும் வாங்குவார்கள் என்ற எண்ணத்தில் பிறந்த பொருள் அது.

நைஜீரியாவுக்கு அந்த வகை இயந்திரங்கள் முதலில் வசதி படைத்தவர்களின் வீட்டுப் பொருளாகத்தான் வந்தன. ஹோட்டலுக்கும் வங்கிக்கும் டீசலில் ஓடும் பெரிய ஜெனரேட்டர், டாக்டர் வீட்டுக்கும் வணிகர் வீட்டுக்கும் ஜப்பானிய பெட்ரோல் ஜெனரேட்டர். மற்றவர்களுக்கு மண்ணெண்ணெய் விளக்கு. 1980களில் எண்ணெய் விலை சரிந்தது, 1986க்குப் பிறகு நாட்டின் நாணயமான நைராவின் மதிப்பும் சரிந்தது, இறக்குமதிப் பொருள் எட்டாக்கனியானது. மின்துறையின் நிலை அதைவிட மோசம். 1987க்குப் பிறகு பெரிய மின்தடம் இழுக்கப்படவில்லை. 1990இல் ஷிரோரோ அணையோடு புதிய மின்நிலையம் கட்டுவதும் நின்றது. ராணுவ ஆட்சி முடிந்து 1999இல் மக்களாட்சி திரும்பியபோது நாட்டிலிருந்த 79 மின் உற்பத்தி அலகுகளில் 19 மட்டுமே ஓடிக்கொண்டிருந்தன. சராசரி உற்பத்தி 1,750 மெகாவாட். ஒரு தலைமுறை முழுவதும் பராமரிப்பின்றிப் போன இயந்திரங்களின் கணக்கு அது.

அதற்கு இரண்டு ஆண்டு கழித்து செல்போன் வந்தது. 2001இல் ஜி.எஸ்.எம். சேவை தொடங்கியதும், லேண்ட்லைனையே பார்த்திராத வீடுகளில் போன் மணி அடித்தது. போனுக்குக் கரண்ட் வேண்டும். கோபுரங்களுக்கும் வேண்டும், அவை டீசலில் ஓடின. தெருமுனையில் ஒரு ஜெனரேட்டரும் பத்து ப்ளக்கும் வைத்து, காசு வாங்கிக்கொண்டு சார்ஜ் ஏற்றித் தருவது ஒரு தொழிலானது.

சரியாக அந்தக் காலத்தில்தான் சீனாவிலிருந்து வந்து இறங்கியது டைகர் டி.ஜி. 950. யமஹாவின் இ.டி. 950 மாடலை அச்சாகப் பார்த்துச் செய்த 63 சிசி டூ ஸ்ட்ரோக் இயந்திரம். 650 வாட் தருவதாகச் சொல்வார்கள். பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும், நம்மூர் பழைய லாம்ப்ரெட்டா, பஜாஜ் ஸ்கூட்டர்களுக்கு ஊற்றியதைப் போல. கயிற்றைப் பிடித்து ஓர் இழுப்பு, ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் சோக்கைப் போட்டு இன்னோர் இழுப்பு, பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்து மூன்றாவது இழுப்பு. ஒரு டிவி, ஒரு ஃபேன், நான்கைந்து பல்பு, இரண்டு போன். அவ்வளவுதான் தாங்கும். அயர்ன் பாக்ஸைச் செருகினால் மூச்சுத் திணறி நின்றுவிடும்.

அது போதும். முடி திருத்துபவரின் கிளிப்பருக்கு அது போதும், தையல்காரருக்குப் போதும், ஒரே அறையில் குடியிருக்கும் குடும்பத்துக்கும் போதும். லாகோஸின் அலபா சந்தையில் அட்டைப்பெட்டிகளில் மலைபோல் அடுக்கி விற்றார்கள். மக்கள் அதற்கு வைத்த பெயர் 'ஐ பெட்டர் பாஸ் மை நெய்பர்': பக்கத்து வீட்டுக்காரனுக்கு நான் ஒரு படி மேல். ஒரு பெருமிதமும் அதிலேயே ஒரு கேலியும் இருக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரனும் அடுத்த மாதம் ஒன்று வாங்கிவிடுவான், பெருமிதம் போய்விடும், சத்தம் மட்டும் இரட்டிப்பாகும். காசு சேர்ந்தவர்கள் அடுத்து எலிமேக்ஸ், சுமெக் ஃபிர்மன் என்று பெரிய ஃபோர் ஸ்ட்ரோக் இயந்திரங்களுக்கு ஏறினார்கள். ஃபிரிட்ஜும் தண்ணீர் மோட்டாரும் ஓடும் வீடு என்பது தெருவில் ஒரு தகுதி.

இங்கே தமிழ்நாட்டு வாசகருக்கு ஒரு கேள்வி எழ வேண்டும். 2012இல் நாமும் இருட்டில் இருந்தோம். சென்னைக்கு 2 மணி நேர வெட்டு, மற்ற ஊர்களில் நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல்கூடப் போனது. அந்த ஆண்டு ஜூலையில் வட இந்தியாவின் மின்கட்டமைப்பு மொத்தமாகச் சரிந்தபோது, தென்மாநிலங்கள் தனிக் கட்டமைப்பில் இருந்ததால் தப்பின. ஆனால் அதற்கு முன்பும் பின்பும் நம் வீட்டு ஃபேன் நின்றுகொண்டுதான் இருந்தது. அப்படியிருந்தும் நம் வீடுகள் ஜெனரேட்டர் வாங்கவில்லை. ஜவுளிக்கடைகளும் கல்யாண மண்டபங்களும் திருப்பூர் பனியன் கம்பெனிகளும் டீசலுக்குப் போயின. வீடுகள் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்கின. ஏன்?

காரணம் இருட்டின் அளவில் இல்லை, அதன் ஒழுங்கில் இருக்கிறது. நம் மின்வெட்டுக்கு நேர அட்டவணை இருந்தது. ஒரு மணி நேரம் போனால் அடுத்த மணி நேரம் வரும், அந்த இடைவெளியில் பேட்டரி ஓரளவு சார்ஜ் ஏறிவிடும். லாகோஸில் கரண்ட் போனால் மாலையில் வருமா, மறுவாரம் வருமா என்று யாருக்கும் தெரியாது. டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தால் தெருவாசிகளே பணம் திரட்டிப் பழுதுபார்க்கும் ஊர்கள் உண்டு. சார்ஜ் ஏற வழியில்லாத பேட்டரி வெறும் ஈயப்பெட்டி. இரண்டாவது காரணம் பெட்ரோல். சென்னையில் அந்த ஆண்டு லிட்டர் 70 ரூபாயைத் தாண்டியிருந்தது. நைஜீரியாவில் அரசு மானியம் போக 97 நைரா, டாலர் கணக்கில் நம் விலையில் ஏறத்தாழ பாதி. வராத கரண்டும் மலிவான பெட்ரோலும் சேர்ந்த இடத்தில்தான் பெட்ரோல் ஜெனரேட்டர் வீட்டுப் பொருளானது. இரண்டில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் அது கடைவீதியோடு நின்றிருக்கும்.

மலிவு என்றாலும் கிடைப்பது சுலபமில்லை. போர்ட் ஹார்கோர்ட், வாரி, கடுனா ஆகிய ஊர்களிலிருந்த அரசுச் சுத்திகரிப்பு ஆலைகள் படுத்துவிட்டதால், கச்சா எண்ணெயை ஏற்றுமதி செய்யும் நாடு பெட்ரோலை இறக்குமதி செய்தது. தட்டுப்பாட்டு நாட்களில் பங்க்குகளில் காருக்கு ஒரு வரிசை, மஞ்சள் கேனுக்கு ஒரு வரிசை. 2012 ஜனவரி 1ஆம் தேதி அரசு மானியத்தை நிறுத்தியதும் லிட்டர் 65இலிருந்து 141 நைராவுக்கு ஏறியது. நாடு தெருவுக்கு வந்தது, தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்தன, இரண்டு வாரத்தில் அரசு இறங்கிவந்து 97 என்று வைத்தது.  பெட்ரோல் விலை என்பது அங்கே வீட்டு விளக்கின் விலையும்கூட.

இந்த வழக்கத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. நீண்ட நடைக்கு இருபுறமும் அறைகள், அறைக்கு ஒரு குடும்பம் என்ற வரிசை வீடுகள் லாகோஸில் ஏராளம். வெளியே வைத்தால் திருடுபோகும் என்று ஜெனரேட்டரை நடைக்குள்ளோ சமையலறையிலோ ஜன்னலுக்கு அடியிலோ வைத்து ஓடவிட்டுத் தூங்கப் போனவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தி ஆண்டுதோறும் வரும். ஜெனரேட்டர் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலியாகத் தொடங்கி மயக்கத்தில் முடியும், தூங்குபவருக்குத் தலைவலியும் தெரியாது. 2005இல் கத்ரீனா புயலுக்குப் பின் அமெரிக்காவிலும் இதே வகைச் சாவுகள் நேர்ந்தன. வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி வையுங்கள் என்று அங்கே எச்சரிக்கிறார்கள். பக்கத்து வீடே 6 அடியில் இருக்கும் தெருவில் அந்த 20 அடிக்கு எங்கே போவது?

மின்கம்பியாளருக்கும் ஆபத்து இருந்தது. ஜெனரேட்டரை நேரடியாக வீட்டு வயரிங்கில் செருகினால் கரண்ட் தெருக்கம்பிக்குள் திரும்பிப் பாயும், டிரான்ஸ்ஃபார்மர் அதைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்திவிடும். அதைத் தடுக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச், மீட்டருக்குப் பக்கத்தில் பொருத்தப்படும் இரும்புப் பெட்டி, நைஜீரிய வீட்டின் அடையாளங்களில் ஒன்றானது.

அரசு சும்மா இருக்கவில்லை, பெயர்களை மாற்றியது. 2005இல் நேப்பா வேறு பெயரில் கம்பெனியானது. 2013 நவம்பரில் மின் விநியோகம் தனியார் நிறுவனங்களின் கைக்குப் போனது. கரண்ட் வந்தால் சிறுவர்கள் இன்றும் கத்துவது பழைய பெயரைத்தான். 2020 மார்ச்சில் பிமா எனாகி என்ற செனட்டர் ஒரு மசோதா கொண்டுவந்தார்: ஜெனரேட்டரை இறக்குமதி செய்தாலோ தெரிந்தே விற்றாலோ குறைந்தது பத்து ஆண்டு சிறை; மருத்துவமனை, விமான நிலையம் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. இறக்குமதியாளர்களின் லாபவெறிதான் மின்துறையை எழவிடாமல் செய்கிறது என்ற சந்தேகம் அந்நாட்டில் வெகுகாலமாக உண்டு. சந்தேகத்தில் உண்மை இருக்கலாம். ஆனால் குடையைத் தடை செய்து மழையை நிறுத்தப் பார்த்த சட்டம் என்று சிரிக்கத்தான் அந்த மசோதா பயன்பட்டது. அது சட்டமாகவும் ஆகவில்லை.

மசோதா செய்யாததைப் பெட்ரோல் விலை செய்யத் தொடங்கியது. 2023 மே 29 அன்று ஜனாதிபதியாகப் பதவியேற்ற போலா டினுபு, தன் முதல் உரையிலேயே மானியம் போய்விட்டது என்று அறிவித்தார். 200 நைராவுக்குள் இருந்த லிட்டர் சில நாட்களில் 500ஐத் தாண்டியது, அடுத்த ஆண்டு 1,000ஐயும் தாண்டியது. மலிவு என்ற ஒரு கால் உடைந்ததும் 'ஐ பெட்டர் பாஸ் மை நெய்பர்' தள்ளாடியது. இதற்கிடையில் சீனாவிலிருந்தே வேறு சரக்கு வந்து சேர்ந்தது: விலை சரிந்துகொண்டே போகும் சோலார் பேனலும் லித்தியம் பேட்டரியும். சார்ஜ் ஏற மின்கட்டமைப்பை எதிர்பார்க்க வேண்டாம் என்பதால், லாகோஸில் பேட்டரி தோற்றதற்கான பழைய காரணமும் அற்றுப்போனது. அலபாவில் ஜெனரேட்டர் விற்றுப் பழகிய தெருக்களில் இப்போது பேனல்கள் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. மொத்தப் பணமும் முன்கூட்டியே வேண்டும் என்பதால் ஏழைகள் இன்னும் கயிற்றைத்தான் இழுக்கிறார்கள். தினமும் அரை லிட்டர் வாங்க முடிகிறவருக்குப் பேனல் வாங்க முடிவதில்லை.

2024இல் தேசிய மின்கட்டமைப்பு பலமுறை முற்றிலும் சரிந்து விழுந்தது. அடுத்த ஆண்டின் பட்ஜெட்டில் அபுஜாவிலுள்ள ஜனாதிபதி மாளிகைக்குச் சொந்தமாக சோலார் மின்சாரம் அமைக்க 1,000 கோடி நைரா ஒதுக்கப்பட்டது. விமர்சகர்கள் கேட்டது ஒரே கேள்வி: நாட்டின் மின்கட்டமைப்பை அரசே நம்பவில்லையென்றால் நாங்கள் ஏன் நம்ப வேண்டும்? அரசுத் தரப்போ, மின் கட்டணச் செலவைக் குறைக்கத்தான் என்று கணக்குச் சொன்னது. லாகோஸின் எந்தக் குடும்பமும் தன் முதல் ஜெனரேட்டரை வாங்கும்போது போட்ட கணக்குதான் அது.