எஃப்டிஸ்க்: எல்லைகளின் வரலாறு

டாஸ் இயங்குதளத்திலும் விண்டோஸ் 95, 98, எம்இ பதிப்புகளிலும் வன்வட்டைப் பிரிவுகளாக வகுக்கப் பயன்பட்ட நிரல் எஃப்டிஸ்க். ஐபிஎம் பிசி எக்ஸ்டி கணினியுடன் 1983 மார்ச்சில் வந்த பிசி டாஸ் 2.0இல் இது முதலில் இடம்பெற்றது. வட்டின் முதல் செக்டரில், 446ஆவது பைட்டிலிருந்து 64 பைட் நீளமுள்ள ஓர் அட்டவணையை எழுதுவதே இதன் அடிப்படை வேலை. அட்டவணையில் நான்கு பதிவுகள், ஒவ்வொன்றும் 16 பைட். பிரிவு எங்கே தொடங்குகிறது, எத்தனை செக்டர் நீளம், அதிலிருந்து கணினியைத் துவக்கலாமா என்பதெல்லாம் இந்தப் பதினாறு பைட்டுக்குள் அடங்கிவிடும். எக்ஸ்டியின் வட்டு 10 மெகாபைட். வட்டுகள் அதிலிருந்து பல்லாயிரம் மடங்கு வளர்ந்த பிறகும் அட்டவணையின் அமைப்பு மாறவில்லை. அதனால் எஃப்டிஸ்கைப் பற்றிய குறிப்புகளில் பெரும்பாலானவை, அது எந்த அளவில் தடுமாறியது என்பதைப் பற்றியவையே.

முதலில் வந்த பெரிய தடை 32 மெகாபைட். டாஸ் ஒரு பிரிவின் செக்டர்களை 16 பிட் எண்ணால் எண்ணியது. ஒரு செக்டர் 512 பைட் என்றால் 65,536 செக்டருக்கு மேல் போக முடியாது. 1987இல் வந்த டாஸ் 3.3 இந்தத் தடையை நீக்கவில்லை. நீட்டிப்புப் பிரிவு என்ற ஏற்பாட்டின் மூலம் ஒரே வட்டில் பல தருக்க இயக்ககங்களை அமைக்க மட்டும் வழிசெய்தது. தடையை உடைத்தது காம்பேக் நிறுவனம் அதே ஆண்டில் வெளியிட்ட டாஸ் 3.31. மைக்ரோசாஃப்ட் 4.0 பதிப்பில் அதே வழிக்கு வந்தது. ஃபேட்16 கோப்பு முறையில் ஒரு பிரிவுக்கு 2 ஜிகாபைட் என்ற உச்சவரம்பு டாஸ் 6 காலத்திலும் நீடித்தது.

இதே காலத்தில் பயாஸ் வேறொரு தடையை வைத்திருந்தது. பயாஸ் 1,024 சிலிண்டர்களையும், ஐடிஇ இடைமுகம் 16 ஹெட்களையும் மட்டுமே ஏற்கும். ஒரு தடத்தில் 63 செக்டர். இவற்றைப் பெருக்கினால் 52.8 கோடி பைட் வரும். இதைச் சிலர் 528 மெகாபைட் என்றும், 1,024இன் மடங்குகளில் கணக்கிடுவோர் 504 என்றும் எழுதுவதால் இரண்டு தடைகள் இருந்தது போன்ற மயக்கம் பல நூல்களில் காணப்படுகிறது. பின்னர் பயாஸ், ஹெட் எண்ணிக்கையை 255 வரை கூட்டிக் காட்டத் தொடங்கியதும் எல்லை 8.4 ஜிகாபைட்டுக்கு நகர்ந்தது. 256 இல்லாமல் 255 ஆனது ஏன் என்பதற்கு, எட்டு பிட்டில் 256 பூஜ்யமாகி டாஸ் நின்றுவிடும் என்ற விளக்கமே பரவலாகத் தரப்படுகிறது.

1996இல் விண்டோஸ் 95இன் ஓஎஸ்ஆர்2 பதிப்புடன் ஃபேட்32 வந்தது. 512 மெகாபைட்டுக்கு மேற்பட்ட வட்டு இருந்தால், பெரிய வட்டு ஆதரவு வேண்டுமா என்று எஃப்டிஸ்க் கேட்கும். ‘ஒய்’ என்றால் ஃபேட்32, ‘என்’ என்றால் ஃபேட்16. பயனருக்குத் தெரிந்த மாற்றம் இந்த ஒரு கேள்விதான். நிரலின் உள்ளே அளவைக் கணக்கிடும் சில எண்கள் 16 பிட்டாகவே தங்கிவிட்டன. 64 ஜிகாபைட்டைத் தாண்டிய வட்டுகள் கடைக்கு வந்தபோது இது வெளிப்பட்டது: 70.3 ஜிகாபைட் வட்டை இணைத்தால் 6.3 ஜிகாபைட் என்று திரை காட்டும். 64ஐக் கழித்த மிச்சம் அது. மைக்ரோசாஃப்ட் திருத்திய எஃப்டிஸ்கை வெளியிட்டது. அதிலும் அளவை உள்ளிடும் கட்டத்தில் ஐந்து இலக்கங்களுக்குத்தான் இடம். 99,999 மெகாபைட்டுக்கு மேல் வேண்டுவோர் எண்ணை விட்டுவிட்டுச் சதவீதத்தைத் தட்டச்சிட வேண்டும். நூறு சதவீதம் என்றால் நிரல் சரியாகவே பிரித்துவிடும். இந்த ஐந்து இலக்கக் கட்டம், அந்தக் கால நிரலாளர்கள் எவ்வளவு பெரிய வட்டைக் கற்பனை செய்திருந்தார்கள் என்பதற்கு நல்ல சான்று.

இத்தகைய பிழைகள் கண்ணுக்குத் தெரிந்தன; அதனாலேயே பெரிய சேதம் செய்யவில்லை. அடுத்த எல்லை அப்படி இல்லை. அன்றைய ஏடிஏ வட்டுகளில் செக்டர் முகவரி 28 பிட். அதாவது 13,743 கோடி பைட், வழக்கில் 137 ஜிகாபைட். ஏடிஏ-6 தரம் இதை 48 பிட்டாக்கியது. டாஸ் முறையில் இயங்கும் எஃப்டிஸ்கும் ஃபார்மட்டும் பயாஸ் வழியாக வட்டைத் தொடுவதால், புதிய பயாஸ் உள்ள கணினியில் 160 ஜிகாபைட் வட்டைக் குறையில்லாமல் பிரித்துவிடும். விண்டோஸ் 98 எழுந்ததும் வேலை அதன் சொந்த ஐடிஇ இயக்கியின் கைக்கு மாறும். அந்த இயக்கிக்கு 28 பிட்டே தெரியும். 137ஐத் தாண்டிய செக்டரில் எழுதச் சொன்னால் மேல் பிட்கள் உதிர்ந்து, தரவு வட்டின் தொடக்கப் பகுதியில் போய் விழும். பிரிவு அட்டவணையும் கோப்பு அட்டவணையும் இருப்பது அங்கேதான். வட்டு நிரம்பத் தொடங்கும் நாள்வரை எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும்.

ஆகவே, பிரிப்புக் கருவி காட்டும் அளவை மட்டும் பார்ப்பது சோதனை ஆகாது. ஒவ்வொரு செக்டரிலும் அதன் எண்ணையே எழுதி, வட்டின் கடைசிவரை சென்றபின் முதலிலிருந்து படித்துப் பார்ப்பதே நம்பத்தக்க முறை. எந்த இயங்குதளத்தில் வட்டு பயன்படப் போகிறதோ அதன் இயக்கி வழியாகவே இதைச் செய்ய வேண்டும். துணைக் கருவிகளுக்கும் தனி எல்லை உண்டு: விண்டோஸ் 98இன் ஸ்கேன்டிஸ்க் 16 பிட் நிரல் என்பதால், 32 கிலோபைட் கிளஸ்டர் கொண்ட ஃபேட்32 பிரிவில் ஏறத்தாழ 127.5 ஜிகாபைட்டுக்கு மேல் சரிபார்க்க இயலாது.

விண்டோஸ் 2000 எஃப்டிஸ்கைக் கைவிட்டது. அதுவும் எக்ஸ்பியும் 32 ஜிகாபைட்டுக்கு மேல் ஃபேட்32 பிரிவை உருவாக்க மறுத்தன. ஏற்கெனவே உருவானதைப் படிப்பதில் தடையில்லை. என்டிஎஃப்எஸ்ஸின் பக்கம் பயனரைத் திருப்பும் கொள்கை முடிவு இது என்போரும், கிளஸ்டர் வீணாவதைக் கருதி வைத்த வரம்பு என்போரும் உள்ளனர்.

பழைய பிரிவு அட்டவணையின் 32 பிட் எண்களே 2.2 டெராபைட்டில் முடிந்துபோகின்றன. அதற்கு மேற்பட்ட வட்டுகளுக்கு ஜிபிடி அட்டவணை தேவை. 32 பிட் எக்ஸ்பி அதை அறியாது. ஃப்ரீடாஸ் திட்டம் தனக்கென ஓர் எஃப்டிஸ்கைப் பராமரித்து வருகிறது. பழைய பதிப்புகளைச் சோதிப்போர் இப்போது பெரும்பாலும் மெய்நிகர் கணினிகளில் வட்டுக் கோப்புகளை வைத்துச் சோதிக்கின்றனர்.