ஊர் கூடி தம்மை விட்ட கதை

தம் அடிக்கிறது யாரும் தனியா கத்துக்கிட்ட வித்தை இல்லை. ஒருத்தன் பெட்டியை நீட்டணும், இன்னொருத்தன் தீக்குச்சி கிழிக்கணும், "மச்சி, ஒரு இழுப்பு குடுறா"ன்னு மூணாவது ஆள் கையை நீட்டணும். டீக்கடை பெஞ்சுல பாதி சிநேகிதம் இப்படித்தான் ஆரம்பிக்குது. ஆனா விடணும்னு வரும்போது மட்டும் அந்தக் கும்பல்ல ஒருத்தனும் பக்கத்துல இருக்க மாட்டான். "மன உறுதி வேணும்ப்பா"ன்னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க. வீட்ல, ஆபீஸ்ல, எல்லா இடத்துலயும் இதே வசனம்தான்.

சேர்ந்து பிடிச்சதை சேர்ந்தே விட்டா என்னன்னு முதல்ல யாருக்குத் தோணிச்சுன்னு கொஞ்ச நாளா தேடிப் படிச்சுக்கிட்டிருந்தேன். அமெரிக்கக் கதைதான். ஆனா வர்ற ஆளுங்க எல்லாம் நம்ம பக்கத்துத் தெருவுல பார்க்கக்கூடிய ஆளுங்க மாதிரியே இருக்காங்க. அதான் எழுதலாம்னு உட்கார்ந்துட்டேன்.

1964 ஜனவரி 11, சனிக்கிழமை. சர்ஜன் ஜெனரல் லூதர் டெர்ரி பத்திரிகைக்காரர்களைக் கூட்டி ஓர் அறிக்கையை வெளியிட்டார். ஆண்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வர சிகரெட் ஒரு காரணம்னு அரசாங்கமே சொன்ன அறிக்கை. சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்ததுக்குக் காரணம், அன்னிக்குப் பங்குச் சந்தை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பேப்பர்லயும் நல்லா வரும். அந்தக் காலத்துல அமெரிக்காவுல பெரியவங்கள்ல 100க்கு 42 பேர் புகைச்சுக்கிட்டு இருந்தாங்க.

ஏன் விடணும்னு அறிக்கை சொல்லிடுச்சு. எப்படி விடறது? இதுல இன்னொரு சிக்கலும் உண்டு. 1964 அறிக்கை புகைப்பதைப் 'பழக்கம்'னுதான் சொல்லிச்சு, 'அடிமைத்தனம்'னு சொல்லலை. நிகோடின் ஆளை அடிமையாக்குற பொருள்தான்னு அதே பதவியில இருந்து வந்த அறிக்கை சொல்றதுக்கு 1988 ஆகிடுச்சு. நடுவுல 24 வருஷம், விட முடியாதவன் எல்லாம் சோம்பேறி, உறுதியில்லாதவன். இந்தக் கதையில எனக்குக் கோபம் வர்ற இடம் இதுதான்.

ஆனா சர்ஜன் ஜெனரலுக்கு முன்னாடியே ரெண்டு பேர் களத்துல இறங்கிட்டாங்க. ஒருத்தர் டாக்டர், வெய்ன் மக்ஃபார்லண்ட். இன்னொருத்தர் பாதிரியார், எல்மன் ஃபோல்கன்பர்க். ரெண்டு பேரும் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபைக்காரங்க. அந்தச் சபையில புகைக்கவே கூடாது. 1960 வாக்குல இவங்க உருவாக்கினது 'ஐந்து நாள் திட்டம்'. அஞ்சு நாள் தொடர்ந்து, சாயங்காலம் ஒரு ஹால்ல கூட வேண்டியது. டாக்டர் உடம்பைப் பத்திப் பேசுவார், பாதிரியார் மனசைப் பத்திப் பேசுவார். நிறைய தண்ணி குடி, பழம் சாப்பிடு, சாப்பிட்டதும் நாற்காலியில சாயாம எழுந்து நட, வெந்நீர்ல குளி. காபி, டீ, மது கூடாது. (டீ கூடாதுன்னு சொன்ன இடத்துலயே நம்ம ஊர்க்காரன் செருப்பை மாட்டியிருப்பான் :-) )

இதுல எனக்குப் பெருசாத் தெரிஞ்சது ஜோடி சேர்க்குற ஏற்பாடு. வந்தவங்களை ரெண்டு ரெண்டு பேரா சேர்த்து விடுவாங்க. ராத்திரி கை நடுங்குச்சுன்னா ஜோடிக்கு போன் போடணும். ஏன் அஞ்சு நாள்னு யோசிச்சுப் பார்த்தா கணக்கும் சரியாத்தான் வருது. நிகோடின் நின்னதும் வர்ற எரிச்சலும் தவிப்பும் முதல் ரெண்டு மூணு நாள்லதான் உச்சத்துல இருக்கும். ஒவ்வொரு தவிப்பும் சில நிமிஷத்துல தணிஞ்சிடும். அந்தச் சில நிமிஷத்தைக் கடத்த ஒரு ஆள் இருந்தாப் போதும்.

நானும் என் பழைய ரூம்மேட்டும் இதைப் படிக்காமலேயே இதைத்தான் செஞ்சோம். பத்த வைக்கிறதுக்கு முன்னாடி இன்னொருத்தனுக்கு போன் போடணும், அவ்வளவுதான் ஒப்பந்தம். புகையைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்லை. கிரிக்கெட், வீட்டு வாடகை, மேனேஜரைத் திட்டறதுன்னு ஓடிடும். ஆறு வருஷம் ஆச்சு. இன்னிக்கும் மழை நாள்ல அவன்கிட்ட இருந்து காரணமே இல்லாம போன் வந்தா, நான் ஏன்னு கேக்கறதில்லை.

சரி, கதைக்கு வருவோம். 1970. மாசசூசெட்ஸ்ல ராண்டால்ஃப்னு ஒரு ஊர். அங்கே பள்ளிக்கூடத்துல மாணவர்களுக்கு வழிகாட்டி ஆலோசகரா இருந்தவர் ஆர்தர் முல்லனி. ஊர்க்காரங்ககிட்ட அவர் கேட்டது ரொம்ப சின்ன விஷயம். ஒரே ஒரு நாள் புகைக்காதீங்க, அந்தக் காசை நம்ம பசங்க படிப்புக்கு உதவித்தொகையா குடுங்க. புற்றுநோய்னு பயமுறுத்தலை, ஆயுசு முழுக்க விடுன்னும் கேக்கலை. 'இனி எப்பவுமே இல்லை'ன்னு நினைச்சாலே புகைக்கிறவன் உடனே ஒண்ணு பத்த வைப்பான். 'இன்னிக்கு மட்டும்'னா யோசிப்பான். அதுவும் பக்கத்து வீட்டுக்காரனும் அன்னிக்குப் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கான்னா இன்னும் நல்லா யோசிப்பான்.

1974ல மின்னசோட்டா மாநிலத்து மான்டிசெல்லோவுல இதே மாதிரி ஒண்ணு கிளம்பிச்சு. இந்தத் தடவை ஒரு பத்திரிகை ஆசிரியர். மான்டிசெல்லோ டைம்ஸ்னு ஒரு சின்ன ஊர்ப் பத்திரிகை, ஆசிரியர் பேரு லின் ஸ்மித். 'புகைக்காத நாள்'னு ஒண்ணை அறிவிச்சு ஊரைத் திரட்டினார். ஊர்ப் பத்திரிகைக்கு இருக்குற பலமே வேற. அதைப் படிக்கிறவங்க எல்லாரும் ஒருத்தரையொருத்தர் கடையில, சர்ச்சுல பார்க்கிறவங்க. "என்ன, இன்னிக்கு நீயும்தானா?"ன்னு கேட்க ஆள் இருக்கும். அடுத்த வருஷமே, 1975ல, பெரும்பாலான பொது இடங்கள்ல புகையைக் கட்டுப்படுத்தி முதல் மாநிலம் தழுவிய சட்டம் போட்டதும் இதே மின்னசோட்டாதான். ஸ்மித்தாலதான் சட்டம் வந்துச்சுன்னு நான் சொல்ல வரலை. ரெண்டும் ஒரே மண்ணுல முளைச்சதுங்கறதைக் கவனிக்காம விடவும் முடியலை.

அப்புறம் எல்லாம் வேகம். 1976 நவம்பர் 18ல அமெரிக்க புற்றுநோய்ச் சங்கத்தோட கலிஃபோர்னியா கிளை இதை எடுத்துக்கிட்டு நடத்தினப்போ, கிட்டத்தட்ட 10 லட்சம் பேர் அந்த ஒரு நாள் சிகரெட்டைத் தொடலை. 1977ல நாடு முழுக்க. 1984ல பிரிட்டன்ல சாம்பல் புதன் அன்னிக்கு ஆரம்பிச்சாங்க (சாம்பல்! நல்ல நாளாப் பார்த்துத்தான் பிடிச்சிருக்காங்க). 2012ல இங்கிலாந்து அதை அக்டோபர் மாசத்துல 28 நாளா நீட்டிப் பார்த்தது.

இதெல்லாம் திருவிழாக் கூட்டம்தானே, நிஜமாவே கூட்டுக்குப் பலம் இருக்கான்னு ஒரு கேள்வி வரும். 2008ல கிறிஸ்டாகிஸ், ஃபௌலர்னு ரெண்டு பேர் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. மாசசூசெட்ஸ்ல ஃப்ராமிங்ஹாம் ஊர்ல பல தலைமுறையா நடக்குற இதய ஆய்வுல இருந்து 12,067 பேரோட உறவு, நட்பு வலையை 1971ல இருந்து 2003 வரைக்கும் பார்த்தாங்க. புருஷன் பொண்டாட்டியில ஒருத்தர் விட்டா, இன்னொருத்தர் புகைக்கிற வாய்ப்பு 67 சதவீதம் குறையுது. சிநேகிதன் விட்டா 36. சின்ன அலுவலகத்துல கூட வேலை பார்க்கிறவன் விட்டா 34. கூடப் பிறந்தவங்க விட்டா வெறும் 25. அண்ணன் தம்பியை விட பக்கத்து சீட்டுக்காரன் பெரியவன்! ஜனங்க ஒத்தை ஒத்தையா இல்லாம, கொத்துக் கொத்தா விட்டிருக்காங்க. கடைசி வரைக்கும் விடாதவங்க அந்த வலையோட ஓரத்துக்குப் போயிட்டாங்கங்கறதுதான் படிக்கவே கஷ்டமா இருந்த வரி.

எதிர்ப்பக்கமும் உண்டு. பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்க்குற காக்ரேன் குழு, புத்தகம் படிச்சுத் தானா முயற்சி பண்றதை விட குழுவா விடறது நல்லா வேலை செய்யுதுன்னு சொல்லுது. ஆனா வாழ்க்கைத் துணைக்கோ நண்பருக்கோ 'இப்படி ஆதரவு குடு'ன்னு பயிற்சி குடுக்கறதால பலன்னு தெளிவா நிரூபணம் கிடைக்கலைன்னும் சொல்லுது. எனக்கு இது ஆச்சரியமா இல்லை. கரையில நின்னு 'நீந்து நீந்து'ன்னு கத்துறவன் வேற, கூடவே தண்ணி குடிச்சுக்கிட்டு தத்தளிக்கிறவன் வேற.

கொசுறு: ஒரு ஊரே 30 நாள் தம்மை விட்டா ரெண்டரை கோடி டாலர்னு ஒரு சிகரெட் கம்பெனி அறிவிக்குது. எவனாலயும் முடியாதுன்னு அவங்களுக்கு நம்பிக்கை. 1971ல வந்த 'கோல்ட் டர்க்கி' படத்தோட கதை இது. நார்மன் லியர் இயக்கம், டிக் வான் டைக் பாதிரியாரா வர்றார். கிடைச்சா பாருங்க. எடுத்த இடம் ஐயோவாவுல கிரீன்ஃபீல்டுங்கற நிஜ ஊர்.