விழுந்த பல்லும் அரைமணி நேரமும்



திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரையும், அதற்குத் தெற்கே பாறசாலையும் உள்ளன. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுக்காக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அவ்வெல்லைச் சிற்றூர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களும் நம்மைப் போலப் பிற மாநிலத் தமிழரே.

அங்கே ஒரு சிறுவன் விளையாடும்போது விழுந்து முன்பல்லை இழந்தால் அன்னை எங்குச் செல்வாள்? இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை டாக்டர் ரஃபியுத்தீன் அகமது 1920-இல் கல்கத்தாவில் நிறுவினார். சென்னையில் அக்கல்வி 1953-இல் தொடங்கிற்று. திருவனந்தபுரத்தில் 1959-இல் கல்லூரி எழுந்தது. மருத்துவம் அருகில் வந்தது உண்மையே. ஆயினும் விழுந்த பல்லின் வாழ்வை முடிவு செய்வது நேரமே.

பெயர்ந்த பல்லை மீண்டும் பொருத்தலாம் என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் பியேர் ஃபொஷார் 1728-இலேயே தம் நூலில் எழுதினார். ஆனால் அவ்வாறு பொருத்திய பற்களுள் சில நிலைப்பதும், சில வேர் கரைந்து உதிர்வதும் ஏன்? டென்மார்க் அறிஞர்கள் ஆண்டிரியாசன், யோர்ட்டிங் ஹான்சன் இருவரும் 110 பற்களை ஆராய்ந்து 1966-இல் விடை கண்டனர். அரைமணிக்குள் பொருத்தியவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூறு வேர் கரையாதிருந்தன. இரண்டு மணி நேரம் கடந்து பொருத்தியவை பெரும்பாலும் கரைந்தன. வேரைச் சூழ்ந்த மெல்லிய சவ்வு உலர்ந்தால் அதன் உயிரணுக்கள் மடிகின்றன. அவ்வுயிரணுக்களைச் சில மணி நேரம் பால் காக்கும் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

ஆகவே, பல்லின் வெண்மையான மேற்பகுதியைப் பிடித்து எடுங்கள். வேரைத் தொடாதீர்கள், தேய்க்காதீர்கள். அழுக்கிருப்பின் பாலிலோ நீரிலோ சில நொடிகள் மட்டும் அலசி, குழியிலேயே மெல்லப் பொருத்தி, துணியொன்றைக் கடிக்கச் செய்து, உடனே பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பொருத்த இயலாவிடில் குளிர்ந்த பாலில் இடுங்கள், தண்ணீரில் ஊறவிடலாகாது. குழந்தை மயங்கினாலோ, வாந்தி எடுத்தாலோ பல்லை விடத் தலைக்காயமே முதற்கவலை; பொது மருத்துவமனைக்கு விரையுங்கள்.

பால்பல்லாயின் மீண்டும் பொருத்தலாகாது. அடியில் வளரும் பல்லுக்கு ஊறு நேரும். மருத்துவரிடம் காட்டினால் போதும். விழுந்த பல்லைக் கூரைமேல் எறியும் நம் பாட்டிமார் வழக்கம் பால்பல்லுக்கே உரியது. ஏழெட்டு வயதில் முளைத்த முன்பல்லை எறிந்துவிட்டால் மற்றொன்று முளைக்காது.

அயல் மாநிலத்தில் மருத்துவரின் மொழி வேறாயிருக்கலாம். அவரைத் தேடக் காலம் செல்லலாம். அதுவரை பல்லைக் காப்பது அருகில் நிற்பவர் கடமை. பாறசாலையிலாயினும் பம்பாயிலாயினும் அதற்கு வேண்டுவது ஒரு குவளைப் பாலும் பதறாத உள்ளமுமே.